கயிலை யாத்திரை: புறப்படுமுன் போட வேண்டிய கணக்கு



நம் வீட்டுச் சாமி மேடைகளில் சிவபெருமான் படம் இருந்தால், அவருக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு மலையும் இருக்கும். அந்த மலை படத்தில் மட்டும் இருப்பதன்று. திபெத்தின் தென்மேற்கு மூலையில், 6,638 மீட்டர் உயரத்தில், உண்மையாகவே நிற்கிறது. சிந்து, சட்லஜ், பிரம்மபுத்திரா, கர்னாலி ஆகிய நான்கு பேராறுகளும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலேதான் பிறக்கின்றன. நமக்கு அது கயிலை. பௌத்தருக்கும் சமணருக்கும், திபெத்தின் பழைய பொன் சமயத்தாருக்கும் அதுவே புனித மலை. இத்தனை பேர் வணங்குகிற மலையின் உச்சியில் இதுவரை மனிதன் கால் வைத்ததில்லை. அடியார்கள் செய்வதெல்லாம் மலையைச் சுற்றி வலம் வருவதுதான். நாமும் பௌத்தரும் வலமாகச் சுற்றுகிறோம். பொன் சமயத்தார் இடமாகச் சுற்றுகிறார்கள். எதிரும் புதிருமாக வருகிறவர்கள் வழியில் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே கடந்து போவார்களாம்.

வலம் வரும் பாதையின் நீளம் 52 கி.மீ. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றாது. மரம் வெட்டிப் பழகிய கால்களுக்கு மூன்று நாளில் 52 கி.மீ. ஒரு பொருட்டா என்று நீங்கள் கேட்கலாம். தூரம் பொருட்டில்லைதான். உயரம்தான் பொருட்டு. அந்தப் பாதையின் மிக உயர்ந்த இடம் டோல்மா கணவாய். சுமார் 5,630 மீட்டர். நம் லெடாங் மலை 1,276 மீட்டர். நான்கு லெடாங்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்தக் கணவாயை எட்டாது. எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் நேபாளப் பக்கத்தில் கூடாரம் போடுகிற அடிவார முகாமே அதைவிடத் தாழ்ந்ததுதான்.

முன்பெல்லாம் கயிலைக்குப் போவது துறவிகளின் வேலை என்றிருந்தது. புராணத்தில் சுந்தரர் வெள்ளை யானையில் போனார். சேரமான் பெருமாள் குதிரையில் போனார். காரைக்கால் அம்மையார் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் நடந்து போனார். இன்று கோலாலம்பூரிலிருந்து காட்மாண்டுக்கு விமானம் இருக்கிறது. அங்கிருந்து பஸ் இருக்கிறது. நம் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டு மஸ்ஜித் தானா, அலோர் காஜா தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்களிலிருந்தும் "அம்மாவை ஒருமுறை அனுப்பி வைக்கலாமா?" என்ற பேச்சு எழத் தொடங்கியிருக்கிறது. நல்ல பேச்சுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உழைத்தவருக்கு ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வருவது 55 வயதில். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் முழங்கால் வலியும் குடியேறுவதும் ஏறக்குறைய அதே வயதில்தான். பணம் வரும்போது உடம்பு போகிறது. இந்த இக்கட்டிலே நின்றுகொண்டுதான் நாம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

முதலில் எந்த வாசல் வழியாகப் போவது என்று பார்ப்போம். இந்திய அரசாங்கம் 1981 முதல் லிபுலேக் கணவாய் வழியாகவும், 2015 முதல் சிக்கிமிலுள்ள நாதுலா கணவாய் வழியாகவும் யாத்திரை நடத்தி வந்தது. 2020-இல் நின்றுபோன அது 2025-இல் மறுபடி தொடங்கியது. ஆனால் அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. மலேசியர்களாகிய நாம் அதில் சேர முடியாது. இருந்தாலும் அவர்கள் கையில் வைத்திருக்கிற சல்லடையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வயது 18-க்குக் குறையக்கூடாது, 70-க்கு மேற்படக்கூடாது. உயரத்துக்கு ஏற்ற எடை வேண்டும்: கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண் 25-ஐத் தாண்டக்கூடாது. ஐந்தடி மூன்றங்குல உயரமுள்ள ஓர் அம்மாள் 64 கிலோவுக்கு மேல் இருந்தால் அவருக்கு அங்கே இடமில்லை. டில்லியில் ஒரு மருத்துவச் சோதனை; மலை வழியில் மறுபடியும் ஒரு சோதனை. பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

நமக்குள்ள வழி நேபாளமும் திபெத்தின் தலைநகர் லாசாவும்தான். தனியார் பயண நிறுவனங்கள் குழுவாக அழைத்துப் போகின்றன. திபெத்துக்குள் வெளிநாட்டார் தனியாகச் சுற்ற முடியாது. அதற்கென்று தனி அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் வேண்டும். இந்தக் குழுக்களில் இந்திய அரசாங்கம் வைத்திருக்கிற சல்லடை பெரும்பாலும் கிடையாது. மருத்துவர் கையெழுத்து ஒன்று கேட்பார்கள், அதோடு சரி. ஆகவே சல்லடையை நம் வீட்டிலேயே, நம் கையாலேயே பிடிக்க வேண்டும். அதற்கு உயரம் உடம்பை என்ன செய்கிறது என்ற பாடம் தெரிந்திருக்க வேண்டும். இனி அதைத்தான் சற்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

இலவம்பஞ்சு மூட்டைகளைப் பத்துப் பதினைந்தாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அடியிலிருக்கும் மூட்டை நசுங்கி இறுகியிருக்கும். மேலே இருப்பது பொலபொலவென்று இருக்கும். பஞ்சு ஒரே பஞ்சுதான். காற்றும் அப்படித்தான். நாம் கடலோரத்தில், காற்று அடுக்கின் அடிமூட்டையில் வாழ்கிறோம். மேலே போகப் போகக் காற்று தளர்ந்துகொண்டே போகிறது. அதிலுள்ள பிராணவாயுவின் பங்கு எங்கும் நூற்றுக்கு 21 தான், அது மாறுவதில்லை. ஆனால் 5,500 மீட்டருக்கு மேலே காற்றே பாதியாகிவிடுவதால், ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற பிராணவாயுவும் பாதியாகிவிடுகிறது. பெங்காலான் பாலாக் கடற்கரையில் ஒரு மூச்சு இழுப்பது டோல்மா கணவாயில் இரண்டு மூச்சுக்குச் சமம்.

உடம்பு இதற்கு ஈடு கொடுக்கப் பார்க்கும். மூச்சு வேகமாகும், இதயம் விரைந்து அடிக்கும், சிறுநீர் அதிகமாகப் பிரியும், சில வாரங்களில் இரத்தத்தில் சிவப்பணுக்களும் கூடும். இவற்றுக்கெல்லாம் நாள் வேண்டும். நாள் கொடுக்காமல் ஏறினால்தான் மலைநோய் வருகிறது. இளைஞன், கிழவன், பயில்வான், நோஞ்சான் என்று அது பார்ப்பதில்லை. பந்து விளையாடுகிற பையன் படுத்துவிடுவதும், அறுபது வயது அம்மாள் நிதானமாக ஏறிவிடுவதும் சாதாரணம். ஏனென்றால் பையன் ஓடுகிறான், அம்மாள் உட்கார்ந்து உட்கார்ந்து போகிறார்.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். பயண நிறுவனம் கொடுத்த நாள்வாரித் திட்டத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு நோட்டில் ஒரு கட்டத்தாளில், கீழே நாள்களையும் பக்கவாட்டில் மீட்டரையும் குறித்து, ஒவ்வோர் இரவும் தூங்குகிற ஊரின் உயரத்தைப் புள்ளியாக வைத்துக் கோட்டால் இணையுங்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு ஓரிரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையில் 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓரிரவு தங்க வேண்டும். இது மருத்துவர்கள் வகுத்த விதி. பகலில் எவ்வளவு உயரம் போய் வந்தாலும் குற்றமில்லை. தூங்குகிற இடம்தான் கணக்கு.

இப்போது வரைந்து பாருங்கள். காட்மாண்டு சுமார் 1,400 மீட்டர். அங்கிருந்து சாலை வழியாக எல்லை தாண்டினால் கேரோங் என்ற ஊர், ஏறக்குறைய 2,800. அடுத்த தங்கல் சாகா, ஏறக்குறைய 4,500. கேரோங்கிலிருந்து சாகாவுக்கு ஒரே பகல் பஸ் பயணத்தில் 1,700 மீட்டர் ஏறிவிடுகிறோம். உங்கள் கோடு அந்த இடத்தில் ஏணியைச் சுவரில் சாய்த்ததுபோல் நிற்கும். பஸ்ஸில் உட்கார்ந்துதானே போகிறோம், என்ன களைப்பு என்று நினைக்கிறவர்களுக்கு அன்றிரவு சாகாவில் தலை பிளக்கும். இன்னொரு வழியில், நேபாள்கஞ்சிலிருந்து சிறு விமானத்தில் சிமிகோட், அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஹில்சா, பிறகு புராங் என்று போகிறார்கள். நேபாள்கஞ்ச் சமவெளியில் கிடக்கும் ஊர். சிமிகோட் 2,900 மீட்டருக்கு மேல். புராங் 3,900 அளவில். இதுவும் குதிரைத் தாவல்தான். லாசா வழி மட்டும் சற்று மென்மையானது. லாசா 3,650 மீட்டர்; அங்கே மூன்று இரவு அசையாமல் தங்கி, பிறகு 3,840 மீட்டரிலுள்ள ஷிகாட்சே, அதன்பின் சாகா என்று படிப்படியாகப் போகலாம். நாள் கூடும், செலவும் கூடும். கூடினால் கூடட்டும் என்பது என் கருத்து. வேறு வழியில் போவதானால் கேரோங்கில் இரண்டு இரவு, சாகாவில் இரண்டு இரவு அல்லது புராங்கில் இரண்டு இரவு கேட்டு வாங்குங்கள். என் மாணவி ஒருத்தியின் தந்தை இப்படிப்பட்ட விளம்பரத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அதில் தங்கும் விடுதிகளின் நட்சத்திரம் எல்லாம் அழகாக அச்சாகியிருந்தது; ஊர்களின் உயரம் ஒன்றுகூட இல்லை. எழுதிக் கேளுங்கள் என்றேன். பதில் வந்த பிறகு அவர் மகளே கோடு போட்டுக் காட்டிவிட்டாள். அவர் வேறு குழுவைத் தேடிப் போனார்.

மலைநோய் எப்படித் தொடங்கும்? தலைவலி. அதோடு குமட்டல், பசியின்மை, மயக்கம், தூக்கமின்மை. 3,000 மீட்டருக்கு மேலே வருகிற தலைவலியை, வேறு காரணம் நிரூபணமாகும் வரை, மலைநோய் என்றே கொள்ள வேண்டும். இந்த அளவில் இருக்கும்போது அங்கேயே தங்கி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். தணியாமல் மேலே ஏறினால் இரண்டு கொடிய வடிவங்களில் ஒன்று வரலாம். ஒன்று நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது, சளி நுரைத்து இளஞ்சிவப்பாக வரும், உதடு நீலம் பாரிக்கும். மற்றொன்று மூளை வீங்குவது: பேச்சு குழறும், நடை தள்ளாடும், இருக்குமிடம் தெரியாது. இந்த இரண்டும் ஒரே இரவில் உயிரைக் கொண்டுபோகக் கூடியவை. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று கம்பளியைப் போர்த்திப் படுக்க வைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து.

மருந்து ஒன்றே ஒன்று: கீழே இறங்குவது. பிராணவாயு உருளையும், ஆளை உள்ளே வைத்துக் காற்றடிக்கும் அழுத்தப் பையும், ஊசி மாத்திரைகளும் இறங்குவதற்கான அவகாசத்தைத்தான் தரும். இங்கே கயிலைக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. கினபாலு மலையில் 3,270 மீட்டரில் தலைவலி வந்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆயிரம் மீட்டர் இறங்கிவிடலாம். திபெத்து மலையன்று, மேடு. அந்த நாடே மொட்டை மாடிபோல் 4,500 மீட்டரில் பரந்து கிடக்கிறது. வலம் தொடங்குகிற தார்ச்சென் ஊரே அந்த உயரத்துக்கு மேலேதான். இறங்க வேண்டுமானால் சுமார் 100 கி.மீ. வண்டியில் போய்ப் புராங்கை அடைய வேண்டும். இறங்குவதற்கே இடம் தூரமாக இருப்பதால், இறங்குவதா வேண்டாமா என்ற முடிவை மற்ற மலைகளில் எடுப்பதைவிட முன்கூட்டியே எடுக்க வேண்டியிருக்கிறது.

முடிவு எடுக்க விடாமல் தடுப்பது பெரும்பாலும் நோயாளியேதான். பத்து வருடம் கூட்டுக் கட்டிச் சேர்த்த பணம். இன்னும் இரண்டு நாளில் சாமி தரிசனம். இந்த நேரத்தில் தலை வலிக்கிறது என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று அம்மா வாயை மூடிக்கொள்வார். இதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கூடப் போகிற மகனோ மருமகளோ கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். "எப்படிம்மா இருக்கு?" என்றால் "நல்லாத்தான்யா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். அதைக் கேட்காதீர்கள். "காலையில எத்தனை இட்லி சாப்பிட்டீங்க? மூத்திரம் எத்தனை தடவை போனீங்க? இந்தக் கல்லுலேர்ந்து அந்தக் கல்லு வரைக்கும் குதிகாலை விரலோட ஒட்டி ஒட்டி நேரா நடந்து காட்டுங்கம்மா" என்று கேளுங்கள். நேர்கோட்டில் நடக்க முடியாமல் சாய்ந்தால் பேச்சுக்கு இடமில்லை; அன்றைக்கே கீழே இறங்க வேண்டும். ஊரிலேயே இந்த நடையைப் பழக்கி வையுங்கள். அப்போதுதான் அங்கே செய்யும்போது வித்தியாசம் தெரியும்.

டயமாக்ஸ் என்ற பெயரில் விற்கிற அசெட்டசோலமைடு மாத்திரை, உடம்பு உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்தும். ஏறுவதற்கு முதல்நாளே தொடங்குவார்கள். சிறுநீர் கூடும், விரல் நுனிகள் மரத்துப்போனதுபோல் குறுகுறுக்கும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறுள்ளவர்களுக்கும் அது ஆகாமல் போகலாம். ஆகையால் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று விழுங்காமல், மஸ்ஜித் தானா அரசாங்கக் கிளினிக்கிலோ உங்கள் வழக்கமான டாக்டரிடமோ கேட்டு, ஊரிலேயே ஒருநாள் சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். தூக்க மாத்திரை வேண்டாம். அது மூச்சைத் தளர்த்தும். மதுவும் அப்படியே.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். நம்மில் அவர்கள் அதிகம். உயரத்தில் பசி எடுக்காது. பசிக்கவில்லையென்று சாப்பிடாமல், வழக்கமான மாத்திரையையோ ஊசியையோ மட்டும் போட்டுக்கொண்டால் சர்க்கரை தடதடவென்று இறங்கிவிடும். அப்போது வருகிற மயக்கமும் தள்ளாட்டமும் மலைநோயைப் போலவே இருக்கும். ஒன்றுக்கு இன்னொன்றின் வைத்தியத்தைச் செய்தால் விபரீதம். இன்சுலின் குளிரில் உறைந்தால் கெட்டது. அதைப் பெட்டியில் வைக்காமல் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் தவறான எண்ணைக் காட்டலாம். அதையும் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். இதயத்தில் அடைப்பு, கட்டுக்கடங்காத இரத்தக் கொதிப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த யாத்திரையை நினைக்க வேண்டாம்.

நம் பக்தியிலே ஊறிய இரண்டு பழக்கங்களைப் பற்றியும் பேச வேண்டும். பத்துமலையில் 272 படியை வெறுங்காலில் ஏறுகிறோம். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு வெறுங்காலில் நடக்கிறோம். விரதமும் இருக்கிறோம். கயிலையில் இரண்டும் கூடாது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறைகிறது. மஸ்ஜித் தானாவில் 30 டிகிரி இருக்கிற ஒரு பகலில், இங்கேயே 5,600 மீட்டருக்கு ஒரு மலை எழும்பினால், அதன் மேல் உறைநிலைக்கும் கீழே ஆறு டிகிரி. திபெத்தோ நம்மைவிட வடக்கே, வறண்ட நாடு; காற்றும் கத்திபோல் வீசும். வெறுங்காலில் நடந்தால் விரல்கள் உறைந்து செத்துப்போகும். விரதமோ, சூடுண்டாக்க எரிபொருளில்லாத அடுப்பாக உடம்பை ஆக்கிவிடும். பிரதோஷமானாலும் பௌர்ணமியானாலும் அங்கே வேளைக்குக் கொஞ்சம் கஞ்சியும், சர்க்கரை வியாதி இல்லாதவர்கள் வெல்லமும் உலர்ந்த திராட்சையும் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சாப்பாடு என்றதும் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வேடிக்கையான செய்தி. மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். தார்ச்சென்னில் 85 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கிறது. அதற்கு மேல் எத்தனை விறகு போட்டாலும் சூடு ஏறாது. அரிசி மணிக்கணக்கில் கொதித்தும் நடுவில் விதை விதையாக நிற்கும். பருப்பு வேகவே வேகாது. பிரஷர் குக்கர் இல்லாமல் அங்கே சமையல் இல்லை. மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள்; வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே நீர் போய்விடுவதுதான் காரணம். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த அளவு மாறும்.

உடம்பைத் தயார்ப்படுத்த ஆறு மாதம் வேண்டும். தோட்டத்து மண்சாலையில் நாள்தோறும் காலை ஒரு மணி நேர நடை. இரண்டு மாதம் கழித்து ஐந்து கிலோ பையோடு. வார இறுதியில் மேடு பள்ளமுள்ள நிரைகளில் இரண்டு மூன்று மணி நேரம். படி ஏறி இறங்குங்கள். இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. முடிந்தால் அனுமதி பெற்று, வழிகாட்டியோடு லெடாங் ஏறிப் பாருங்கள். இவையெல்லாம் காலுக்கும் நெஞ்சுக்கும் வலு தருமே தவிர, உயரத்துக்குப் பழக்கமாட்டா. அதற்கு நாட்டுக்குள்ளே கினபாலு ஒன்றுதான் இருக்கிறது. கேமரன் மலையின் தானா ராத்தா 1,450 மீட்டர்தான். குளிர் பழகலாம், காற்றுக்குறை தெரியாது. சப்பாத்து புதிதாக வாங்கி மலைக்குப் போகாதீர்கள்; இரண்டு மாதம் முன்பே வாங்கிப் போட்டு நடந்து, கொப்புளம் வருவதானால் இங்கேயே வரட்டும். கறுப்புக் கண்ணாடி அவசியம். பனியில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைப் பொசுக்கிவிடும்.

பணத்துக்கு வருவோம். நம் முஸ்லிம் சகோதரர்கள் ஹஜ்ஜுக்காகச் சிறுகச் சிறுகச் சேமிப்பதற்கு 1963 முதலே நிறுவனம் இருக்கிறது. தாபோங் ஹாஜி என்று எல்லாருக்கும் தெரியும். கம்பத்து மனிதர் வீட்டை விற்காமல், கடன்படாமல் ஹஜ்ஜுக்குப் போக வேண்டும் என்பதே அதன் கருத்து. நாமும் தனியாக ஒரு சேமிப்புப் புத்தகம் திறந்து அப்படிச் சேர்க்கலாம். ஆலோங்கிடம் வட்டிக்கு வாங்கிப் போகிற யாத்திரையில் மலையிலிருந்து திரும்பி வர மனம் இடம்கொடுக்காது; கட்டின பணம் கண்முன் நிற்கும். சேர்க்கிற தொகையில் பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். 2018 ஜூலையில் மழை மேகம் மூடி விமானம் பறக்க முடியாமல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். 2025 ஜூலையில் வெள்ளம் வந்து நேபாள எல்லையில் ரசுவாகடிப் பாலத்தையே அடித்துப் போனது. ஆகவே திரும்பும் தேதிக்கு மறுநாளே வேலைக்கு வருகிறேன் என்று மண்டோரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் செலவு உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். சாதாரணக் காப்புறுதிகள் பலவும் உயர மலைப் பயணத்தை ஒதுக்கிவிடுகின்றன.

இனி வலம் வரும் மூன்று நாள்கள். முதல்நாள் தார்ச்சென்னிலிருந்து எமத்துவாரம் என்கிற சிறு வாயிலைக் கடந்து, ஆற்றோரமாக திராபுக் போய்ச் சேர்கிறோம். எமத்துவாரம் வரை வண்டி போகும். ஏற்றம் குறைவு. திராபுக்கில்தான் கயிலையின் வடமுகம் நேர் எதிரே, கறுத்த பாறைச் சுவராக, தலையில் பனியோடு நிற்கிறது. இரண்டாம் நாள்தான் சோதனை: விடியுமுன் புறப்பட்டு டோல்மா கணவாய் ஏறி, கௌரிகுண்டத்தைக் கீழே பார்த்துக்கொண்டு, செங்குத்தாக இறங்கி, சுமார் 22 கி.மீ. நடந்து சுதுல்புக் சேர வேண்டும். குதிரை வைத்துக்கொண்டவர்களும் இந்த இறக்கத்தில் இறங்கி நடக்கத்தான் வேண்டும். குதிரை இருக்கிறதே என்று முழங்கால் நோயோடு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் நாள் எளிது.

நான் சொல்வேன்: முதல்நாளோடு நிறுத்திக்கொண்டு திரும்புகிறவர் யாத்திரை முடிக்காதவரல்லர். திராபுக் இரவில் தலைவலி இருந்தவர், உணவு கொள்ளாதவர், இருமல் கண்டவர், மறுநாள் காலை கணவாய்ப் பக்கம் திரும்பவே கூடாது. மலையின் முகத்தை அவர் பார்த்தாயிற்று. அதற்கு முன்பே, 4,590 மீட்டர் உயரத்தில் கடல்போல் கிடக்கிற மானசரோவரத்தையும் பார்த்தாயிற்று. அந்த ஏரியில் இறங்கிக் குளிப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு; வழிகாட்டி சொல்கிறபடி, வெயில் ஏறிய பிறகு, கரையில் மொண்டு தலையில் தெளித்துக்கொண்டால் போதும். அதிகாலைக் குளிரில் ஈரத் துணியோடு நிற்பது வேண்டாத வினை.

இதைச் சொன்னால் நாவுக்கரசரை எடுத்துக்காட்டுகிறவர்கள் உண்டு. பாதம் தேய நடந்தார், கை தேயத் தவழ்ந்தார், மார்பு தேய ஊர்ந்தார், திரும்பமாட்டேன் என்றார் என்பார்கள். உண்மைதான், பெரிய புராணம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மானிட உடம்போடு அங்கே வருவது அரிது என்று சொல்லி, ஒரு குளத்தில் மூழ்கச் செய்து, தஞ்சைக்குப் பக்கத்திலுள்ள திருவையாற்றில் எழுப்பி, அங்கேயே கயிலைக் காட்சியைக் காட்டியவர் சிவபெருமான். இன்றும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அந்தக் காட்சி விழா நடக்கிறது. வயதும் வியாதியும் இடங்கொடுக்காத பெற்றோரைச் சேமநிதிப் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டே அங்கே அழைத்துப் போகலாம். சமவெளி, வயல், காவிரி, இட்லிக் கடை. இதை ஏமாற்றுச் சமாதானமாக நான் சொல்லவில்லை. அப்பருக்கே போதுமானதாயிருந்த தரிசனம் அது.

போவதென்றே முடிவு செய்தவர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரையில்தான் பருவம். அதில் ஜூன் கடைசி தொடங்கி நேபாளத்தில் மழை. மலைச்சரிவும் விமானத் தடங்கலும் அப்போதுதான் மிகுதி. வைகாசிப் பௌர்ணமியை ஒட்டித் திபெத்தியர்களின் பெருவிழா வருவதால் கூட்டம் நெரியும். அவர்கள் கணக்கில் குதிரை ஆண்டு கயிலைக்கு மிக விசேஷம். 2014 அப்படிப்பட்ட ஆண்டு, 2026-ம் அப்படியே. கூட்டம் நிறைந்த ஆண்டில் குதிரையும் கூலியாளும் அறையும் கிடைப்பது கடினம்.

புறப்படுமுன் ஒரு சிறு தாளில் யாத்திரிகரின் பெயர், வயது, இரத்தப் பிரிவு, உள்ள நோய்கள், சாப்பிடும் மருந்துகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதுங்கள். அங்கேயுள்ள மருத்துவர் சீன மொழிதான் படிப்பார். மஸ்ஜித் தானா கடைத்தெருவில் உங்களுக்குப் பழக்கமான சீன நண்பர் ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே சீனத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக் கடைக்காரரானால் இன்னும் நல்லது. அதை இரண்டு பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒன்றைக் கழுத்துப் பையிலும் மற்றொன்றைக் கூடப் போகிறவரிடமும் வைத்துவிட வேண்டும். பெட்டிக்குள் வைக்காதீர்கள். பெட்டி எப்போதும் யாக் எருதின் முதுகில் நமக்கு முன்னே போய்க்கொண்டிருக்கும்.